இருளா மொழி

இருளா மொழி அல்லது இருளர் மொழி என்பது தென்திராவிட மொழிகளுள் ஒன்றாகும். தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் சந்திக்கும் மலைப் பகுதிகளில் வாழும் இருளர் என்னும் பழங்குடியினர் இதனைப் பேசுகின்றனர். தமிழுக்கு மிக நெருங்கிய உறவுடையது எனினும், தமிழிலிருந்து வேறான ஒலியமைப்பைக் கொண்டது. இது நெடுங்காலம் தமிழின் கிளைமொழி எனவே கருதப்பட்டது. 1960களுக்குப் பின்னர் நடைபெற்ற ஆய்வுகள் இதனைத் தனி மொழியாக நிறுவியுள்ளன. எனினும் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இம்மொழியைத் தமிழின் கீழேயே வகைப்படுத்தி வருகிறது.

இருளர் அனைவரும் இருளா மொழி பேசுபவர் அல்லர். தருமபுரி, கிருட்டினகிரி, விழுப்புரம், செங்கல்பட்டு முதலிய வடதமிழக மாவட்டங்களில் வாழும் இருளருள் பெரும்பாலோர் தமிழே பேசுகின்றனர். ஒரே பெயர் தாங்கிய ஒரு சமூகத்தில் ஒரு பகுதியினர் தமது மொழியைப் பேசியும் மற்றொரு பகுதியினர் அதனைப் பேசாமலும் இருக்கும் இந்நிலை, மொழி மாற்றம் பற்றி ஆராய்வோர்க்கு முக்கியமானதாகும்.

பெயர்

இருளர் என்னும் பெயர் "இருள்" என்ற சொல்லிலிருந்து தோன்றியது எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. இருண்ட காடுகளில் வாழ்பவர் என்றும், கரிய நிறத்தவர் என்றும் இதற்கு இருவகை விளக்கங்கள் தரப்படுகின்றன. கருநாடகத்தில் இச்சமூகத்தினர் இருளிகர் என அழைக்கப்படுகின்றனர். வடதமிழகத்தில் வில்லியர் என்ற பெயரும் வழங்குகிறது.

நீலகிரியில் இம்மொழி பேசுவோர் தம் பெயரை ஒலிக்கும் முறை தமிழ் ஒலிப்பிலிருந்து வேறுபடுகிறது. முதலெழுத்தாகிய இகரம், எகரத்துக்கு அண்மையான ஒரு நடு உயிராக மாறி, அடுத்துள்ள உகரம் மறைந்து, ஏறத்தாழ "எர்ல" என ஒலிக்கப்படுகிறது. இந்த நடு உயிர் தமிழ் நெடுங்கணக்கில் இல்லாத ஒலியாகும். இம்மொழியின் தனித்தன்மையை அதன் பெயரிலேயே காணலாம்.

பேசப்படும் இடங்கள்

இருளா மொழி பேசப்படும் முதன்மையான பகுதிகள் பின்வருமாறு:

- நீலகிரி மாவட்டத்தின் கீழ்ச் சரிவுகள், குறிப்பாகக் கோத்தகிரி, குன்னூர் ஆகியவற்றைச் சூழ்ந்த பகுதிகள்
- கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஆனைகட்டி, காரமடை, மேட்டுப்பாளையம் ஆகிய இடங்களை ஒட்டிய மலையடிவாரங்கள்
- கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள அட்டப்பாடி

அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் என மூன்று பழங்குடிச் சமூகத்தினர் வாழ்கின்றனர். இவர்களுள் எண்ணிக்கையில் மிகுந்தவர் இருளரே. இங்கு ஒவ்வோர் ஊருக்கும் மூப்பன் எனப்படும் தலைவர் உண்டு. பொதுப்பொருளைக் கவனிக்கும் வண்டாரி, மூப்பனுக்குத் துணையாகிய குருதலை, உழவு தொடர்பான சடங்குகளைச் செய்யும் மண்ணுக்காரன் ஆகியோரும் ஊர் நடத்துதலில் பங்கு கொள்கின்றனர். கேழ்வரகு, சாமை, தினை முதலியன மரபான பயிர்களாகும்.

இருளா மொழியில் மேலநாடு, வெட்டகாடு முதலிய வட்டார வழக்குகள் உள்ளன. சத்தியமங்கலம் காட்டுப் பகுதியில் வாழும் ஊராளியரின் பேச்சும், நீலகிரியின் வடசரிவில் வழங்கும் கசபாப் பேச்சும் இதனுடன் நெருங்கியவை. இவற்றைக் கிளைமொழிகளாகக் கொள்வதா, தனி மொழிகளாகக் கொள்வதா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

தருமபுரிப் பகுதியும் இருளரும்

தருமபுரி மாவட்டம் 1965 ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2004 ஆம் ஆண்டு இதிலிருந்து கிருட்டினகிரி மாவட்டம் பிரிந்தது. பண்டைக் காலத்தில் தகடூர் என வழங்கிய இப்பகுதி பல மொழிகள் சந்திக்கும் இடமாகும். மேற்கே காவிரிக்கு அப்பால் கன்னட நாடு தொடங்குகிறது. ஒகேனக்கல் என்ற பெயரே "புகையும் கல்" எனப் பொருள்படும் கன்னடத் தொடராகும். மாவட்டத்தில் தமிழுடன் தெலுங்கு, கன்னடம், உருது ஆகியனவும் பேசப்படுகின்றன.

2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 15 இலட்சமாகும். இதில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினர் பட்டியல் பழங்குடியினர். இவர்களுள் பெரும்பான்மையினர் சித்தேரி முதலிய மலைகளில் வாழும் மலையாளிகள் ஆவர். மலையாளிகள் என்பது இங்கு மலையை ஆள்பவர் அல்லது மலைவாழ்நர் என்ற பொருளில் வழங்கும் சமூகப் பெயராகும். இவர்கள் மலையாள மொழி பேசுபவர் அல்லர்; இவர்களின் தாய்மொழி தமிழே.

இருளர் இம்மாவட்டத்தில் எண்ணிக்கையில் சிறியவர். பென்னாகரம் வட்டத்தின் காட்டோரப் பகுதிகளில் இவர்களின் குடியிருப்புகள் உள்ளன. தேன், கிழங்கு, மூலிகை முதலிய காடுபடு பொருள்களைத் திரட்டுதல், ஆடு மாடு மேய்த்தல், கூலி வேலை ஆகியன இவர்களின் வாழ்க்கைத் தொழில்களாக இருந்து வந்துள்ளன. இவர்கள் தம்மைச் சூழ்ந்துள்ளோருடன் தமிழிலும், எல்லையை ஒட்டிய இடங்களில் கன்னடத்திலும் உரையாடுகின்றனர்.

மேற்குறித்த இரு சமூகத்தினரின் பெயர்களும், ஒரு சமூகத்தின் பெயரைக் கொண்டு அதன் மொழியை முடிவு செய்யலாகாது என்பதை உணர்த்துகின்றன. மலையாளிகள் என்ற பெயர் மொழிப் பெயர்போலத் தோன்றினும் மொழியைக் குறிப்பதில்லை. இருளர் என்ற பெயருக்கு ஒரு மொழி இருப்பினும், அப்பெயர் கொண்டோர் பலர் அம்மொழியைப் பேசுவதில்லை.

வடதமிழக இருளர் முன்னர் நீலகிரி இருளரின் மொழியையே பேசிப் பின்னர்த் தமிழுக்கு மாறினரா, அல்லது ஒரே பெயரைப் பெற்ற வெவ்வேறு மக்களா என்ற வினா இன்னும் முடிவாகவில்லை. வழிபாட்டிலும் இவ்விரு பிரிவினரும் வேறுபடுகின்றனர். சமவெளி இருளர் கன்னியம்மனை வழிபடுகின்றனர். ஆண்டுதோறும் மாசி மகத்தன்று பல மாவட்டங்களிலிருந்து மாமல்லபுரம் கடற்கரையில் கூடி அவ்வழிபாட்டை நடத்துவதும், அங்கேயே திருமணங்கள் செய்து கொள்வதும் இவர்களது வழக்கம். நீலகிரி இருளரோ அரங்கசாமி மலைமுடியைப் புனிதமாகக் கொண்டுள்ளனர்.

வகைப்பாடு

திராவிட மொழிக் குடும்பத்தின் தென்திராவிடப் பிரிவில் தமிழ், மலையாளம், இருளா, குடகு, கோத்தர் மொழி, தோடர் மொழி, கன்னடம், படுகு, துளு முதலியன அடங்குகின்றன. இவற்றுள் தமிழ், மலையாளம் ஆகியவற்றுக்கு அருகில் இருளா வைக்கப்படுகிறது.

ஒரு பேச்சு தனி மொழியா, கிளைமொழியா என்பதை உறுதிசெய்ய ஒரே அளவுகோல் இல்லை. பொதுவாக மூன்று கூறுகள் கருதப்படுகின்றன. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பயிற்சியின்றி விளங்குகிறதா என்பது முதலாவது. ஒலியமைப்பும் இலக்கணமும் எந்த அளவுக்கு வேறுபடுகின்றன என்பது இரண்டாவது. பேசுவோர் தமது மொழியை எவ்வாறு கருதுகின்றனர் என்பது மூன்றாவது. மலையாளம் ஒரு காலத்தில் தமிழுடன் ஒன்றாக இருந்து பிரிந்தது. அதற்கு எழுத்தும் இலக்கியமும் அரசும் வாய்த்தமையால் இன்று அதனைக் கிளைமொழி என எவரும் கூறுவதில்லை. இருளாவுக்கு இவை எவையும் வாய்க்கவில்லை. ஆயினும் ஒலியமைப்பில் தமிழுக்கும் இருளாவுக்கும் உள்ள வேறுபாடு பெரிதாகும். மலையில் பேசப்படும் இருளா, சமவெளித் தமிழருக்கு எளிதில் விளங்குவதில்லை.

ஒலியமைப்பு

இருளாவின் சிறப்பியல்பு அதன் நடு உயிர்களாகும். தமிழில் அ, இ, உ, எ, ஒ ஆகிய ஐந்து குற்றுயிர்களும் அவற்றின் நெடில்களும் உள்ளன. இவற்றுள் இ, எ ஆகியவற்றை ஒலிக்கும்போது நா முன்னோக்கிச் செல்கிறது. உ, ஒ ஆகியவற்றை ஒலிக்கும்போது பின்னோக்கிச் செல்கிறது. இருளாவில் இவற்றுடன், நா இவ்விரண்டுக்கும் இடையே வாயின் நடுப்பகுதியில் நிற்கும் உயிர்களும் உள்ளன.

இவ்வுயிர்கள் தோன்றிய முறையைத் தமிழ்ப் பேச்சு வழக்கைக் கொண்டே விளங்கிக் கொள்ளலாம். ட, ண, ள ஆகிய நாமடி ஒலிகளுக்கு நாவின் நுனி பின்னோக்கி வளைய வேண்டும். இவற்றுக்கு முன்னர் இகரமோ எகரமோ வரின், முன்னோக்கிச் செல்ல வேண்டிய நா, அடுத்து வரும் வளைவுக்கு ஆயத்தமாகப் பின்வாங்குகிறது. அதனால் அவ்வுயிரின் ஒலி மாறுகிறது. பேச்சுத் தமிழில் "வீடு" என்பது "வூடு" எனவும், "பிடி" என்பது "புடி" எனவும், "பெட்டி" என்பது "பொட்டி" எனவும், "பிள்ளை" என்பது "புள்ளை" எனவும் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். முன்னுள்ள ப, வ போன்ற இதழொலிகளும் சேர்ந்து, தமிழில் அவ்வுயிரை உகரமாகவோ ஒகரமாகவோ முற்றிலும் மாற்றி விடுகின்றன.

இருளாவில் அம்மாற்றம் பாதி வழியில் நின்று, தனி உயிர்களாக நிலைபெற்றுவிட்டது. குடகு மொழியிலும் இத்தகைய நடு உயிர்கள் காணப்படுகின்றன. நீலகிரியின் பிற மொழிகளிலும் வழக்கமான திராவிட உயிர்களிலிருந்து வேறுபட்ட உயிர்கள் உள்ளன. தோடர் மொழியில் இதழ் குவித்து ஒலிக்கும் முன்னுயிர்கள் உண்டு. படுகு மொழியில் நாவை வளைத்து ஒலிக்கும் உயிர்கள் இருந்தமையை மரே எமனோ 1930களில் பதிவு செய்தார். அருகருகே வாழும் மக்களின் மொழிகள் ஒன்றையொன்று பாதித்துப் பொதுவான இயல்புகளைப் பெறுவது உலகின் பல பகுதிகளில் காணப்படும் நிகழ்வாகும். நீலகிரி அத்தகைய மொழி வட்டாரங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இலக்கணம்

இலக்கண அமைப்பில் இருளா ஒரு வழக்கமான திராவிட மொழியாகும். இது ஒட்டுநிலை மொழி. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசையில் சொற்றொடர் அமைகிறது. வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னர் வருகின்றன. வினையடியுடன் கால இடைநிலையும் திணை, பால், எண், இடம் காட்டும் விகுதியும் சேர்ந்து வினைமுற்று உருவாகிறது. அடிப்படைச் சொற்களுள் பெரும்பாலானவை தமிழ், மலையாளம், கன்னடம் ஆகியவற்றின் சொற்களுடன் உறவுடையவை. தமிழ்நாட்டில் தமிழிலிருந்தும், அட்டப்பாடியில் மலையாளத்திலிருந்தும் கடன் சொற்கள் மிகுதியாகப் புகுந்துள்ளன.

எழுத்து

இருளாவுக்கெனத் தனி எழுத்து இல்லை. எழுத வேண்டிய இடங்களில் தமிழ்நாட்டில் தமிழ் எழுத்தும் கேரளத்தில் மலையாள எழுத்தும் பயன்படுகின்றன. தமிழ் எழுத்தில் இம்மொழியை எழுதுவதில் இரண்டு இடர்ப்பாடுகள் உள்ளன. முதலாவது, நடு உயிர்களுக்குத் தமிழில் எழுத்தில்லை. இரண்டாவது, வல்லெழுத்துகளின் ஒலிப்புடைய வடிவையும் ஒலிப்பிலா வடிவையும் வேறுபடுத்திக் காட்டத் தமிழ் எழுத்தில் வழியில்லை. ஆகவே தமிழ் எழுத்தில் எழுதப்பட்ட இருளாத் தொடரைப் படிக்கும் ஒருவர், அம்மொழியை முன்னரே அறிந்திருந்தால் அன்றிச் சரியாக ஒலிக்க இயலாது. எழுதிய வடிவில் இம்மொழி, உண்மையில் இருப்பதை விடவும் தமிழுக்கு நெருங்கியதாகத் தோற்றமளிக்கிறது.

ஆய்வு வரலாறு

பிரித்தானியர் காலத்தில் வெளிவந்த இந்திய மொழியியல் மதிப்பாய்வின் திராவிட மொழிகள் பற்றிய தொகுதி 1906 ஆம் ஆண்டு வெளியானது. அதில் இருளா, கொரவா, எருகலா, கைக்காடி, கசுவா முதலியன தமிழின் கிளைமொழிகளாகக் குறிக்கப்பட்டன.

இருளா பற்றிய முதல் விரிவான மொழியியல் ஆய்வைச் செரார் திப்லோத் மேற்கொண்டார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1968 ஆம் ஆண்டு அவர் அளித்த ஆய்வேடு, இருளாவைத் தமிழின் நெருங்கிய உறவு மொழி எனத் தலைப்பிலேயே விவரித்தது. செக் நாட்டைச் சேர்ந்த தமிழறிஞர் கமில் சுவெலபில் (1927–2009) நீலகிரியில் களப்பணி செய்து, இம்மொழியைப் பற்றி 1973, 1979, 1982 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக நூல் வெளியிட்டார். இவற்றுள் மூன்றாம் பகுதி இருளரின் கதைகளையும் பாடல்களையும் கொண்டது. இருளரின் வாழ்வியல் பற்றி 1988 இல் அவர் மற்றொரு நூலும் எழுதினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரா. பெரியாழ்வார் 1970களின் இறுதியில் இருளாவின் ஒலியியலையும் இலக்கணத்தையும் பற்றி நூல்கள் எழுதினார். இவ்வாய்வுகளின் பின்னர் மொழியியலாளர் இருளாவைத் தனி மொழியாகவே கொள்கின்றனர். பன்னாட்டு மொழிக் குறியீட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ 639-3 இலும் இதற்குத் தனிக் குறியீடு உண்டு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருளா

2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 1.89 இலட்சம் இருளர் வாழ்கின்றனர். கேரளத்தில் ஏறத்தாழ 24,000 பேரும் கருநாடகத்தில் ஏறத்தாழ 10,000 பேரும் உள்ளனர். ஆயின் இருளாவைத் தாய்மொழி எனப் பதிவு செய்தோர் ஏறத்தாழ 12,000 பேர் மட்டுமே. அதாவது ஏறத்தாழ 19 இருளருள் ஒருவர் மட்டுமே தம் மொழியின் பெயரால் கணக்கிடப்பட்டுள்ளார்.

இவ்வெண்ணைக் கொண்டு பேசுவோரின் உண்மையான தொகையை அறிந்துகொள்ள இயலாது. இதற்குக் காரணம் கணக்கெடுப்பு நடைபெறும் முறையாகும். 2011 இல் மக்கள் தம் தாய்மொழியாகக் கூறிய பெயர்கள் 19,000க்கும் மேற்பட்டவை. இவை சரிபார்க்கப்பட்டு 1,369 தாய்மொழிகளாகச் சுருக்கப்பட்டன. அவை மேலும் தொகுக்கப்பட்டு 121 மொழிகளாக வெளியிடப்பட்டன. 10,000 பேருக்குக் குறைவானோர் பேசும் மொழிகள் தனியாகக் காட்டப்படுவதில்லை. கணக்கெடுக்க வருபவர் மாநில மொழியையே எழுதிக் கொள்வதும், பேசுபவரே தம் பேச்சைத் தமிழ் எனக் கூறுவதும் எண்ணிக்கையைக் குறைக்கக் கூடியவை.

இருளாவின் எண்ணிக்கை 10,000ஐத் தாண்டினும் அது 121 மொழிகளுள் ஒன்றாக இடம்பெறவில்லை. தமிழின் கீழ் அடங்கும் தாய்மொழிகளுள் ஒன்றாகவே காட்டப்பட்டுள்ளது. எருகலா, கைக்காடி ஆகியனவும் அவ்வாறே தமிழின் கீழ் உள்ளன. 1906 ஆம் ஆண்டுப் பட்டியலின் சாயலை நூறாண்டுகளுக்குப் பின்னரும் இதில் காணலாம். ஒப்பீட்டுக்கு, அசாமில் பேசப்படும் திமாசா மொழி அதே கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1.37 இலட்சம் பேரால் பேசப்படும் தனி மொழியாக இடம்பெற்றுள்ளது. இருளரின் மொத்தத் தொகை திமாசா பேசுவோரின் தொகையிலும் மிகுதியானது. ஆனால் இருளா, மொழிகளின் பட்டியலில் இல்லை.

வகைப்பாட்டின் விளைவுகள் நடைமுறையிலும் உண்டு. ஒரு பேச்சு தமிழே எனக் கொள்ளப்படின், அதனைப் பேசும் குழந்தை பள்ளியில் சேரும்போது தாய்மொழியிலேயே கற்பதாகக் கருதப்படும். அக்குழந்தை உண்மையில் எதிர்கொள்ளும் மொழி வேறுபாடு கவனிக்கப்படாமல் போகும்.

வாய்மொழி மரபும் கலைகளும்

இருளாவில் கதைகள், விடுகதைகள், தாலாட்டுகள், இறப்புச் சடங்குப் பாடல்கள், அறுவடைப் பாடல்கள் முதலியன வாய்மொழியாக வழங்குகின்றன. குழல் வகைக் கருவிகளும் தோற்கருவிகளும் இசைக்க, ஆடவரும் பெண்டிரும் வட்டமாக நின்று ஆடுவது இருளர் ஆட்டத்தின் பொது இயல்பாகும்.

அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பாடகர் நஞ்சியம்மா, 2020 இல் வெளிவந்த "ஐயப்பனும் கோசியும்" என்ற மலையாளத் திரைப்படத்தில் தாமே இயற்றிய இருளாப் பாடலைப் பாடினார். இதற்காக 2022 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட 68 ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகிக்கான விருதைப் பெற்றார். 2019 இல் "நேதாசி" என்ற திரைப்படமும், 2022 இல் பிரியநந்தனன் இயக்கிய "தபாரி குருவி" என்ற திரைப்படமும் இருளா மொழியில் எடுக்கப்பட்டன. பின்னதில் பழங்குடியினரே நடித்துள்ளனர்.

இருளரின் உயிரினங்கள் பற்றிய அறிவு பரவலாக அறியப்பட்டதாகும். 1978 இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம், மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கி வருகிறது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்து, நச்சுமுறி மருந்து தயாரிப்போருக்கு அது வழங்குகிறது. பாம்புத்தோல் வணிகம் 1970களில் தடை செய்யப்பட்டபோது வாழ்வாதாரம் இழந்த இருளருக்கு இச்சங்கம் மாற்றுத் தொழிலாக அமைந்தது. இதனைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023 ஆம் ஆண்டு பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. இவர்கள் சமவெளி இருளர் ஆவர். ஒரு சமூகம் தன் மொழியை விட்டு வேறு மொழிக்கு வந்த பின்னரும் தொழிலறிவு நிலைத்திருக்கக் கூடும் என்பதற்குச் சமவெளி இருளரின் இத்திறன் சான்றாகச் சுட்டப்படலாம். எனினும் செடிகொடிகள், பூச்சிகள், பருவங்கள் பற்றிய மலையின் நுண்ணிய அறிவு பெரிதும் அங்கு வழங்கும் பெயர்களுடன் பிணைந்துள்ளது. பெயர் மறையும்போது பொருளை வேறுபடுத்தி அறியும் திறனும் குறைகிறது.

தற்போதைய நிலை

இருளர் தமிழ்நாட்டில் சிறப்பாக நலிவுற்ற பழங்குடிக் குழுக்களாக அறிவிக்கப்பட்ட ஆறு சமூகங்களுள் ஒன்றாவர். தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர் ஏனையோர். நிலமின்மை, செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமை முறை, சாதிச் சான்றிதழ் பெறுவதில் தாமதம் முதலியன இவர்கள் எதிர்கொண்டு வரும் சிக்கல்களாகும். காட்டு நிலத்தின் மீதான பழங்குடியினரின் உரிமையை 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டுள்ளது.

மொழியைப் பொறுத்தவரை, இருளாவுக்கு உள்ள பெரும் இடர் அது தமிழுக்கு நெருக்கமாக இருப்பதே ஆகும். முற்றிலும் வேறான மொழிக்கு மாறும்போது அம்மாற்றம் பேசுவோருக்கும் பிறருக்கும் வெளிப்படையாகத் தெரியும். நெருங்கிய மொழிக்கு மாறும்போது ஒவ்வொரு சொல்லாகவும் ஒவ்வோர் ஒலியாகவும் மாற்றம் நிகழ்வதால் அது கவனத்துக்கு வருவதில்லை. பள்ளி, சந்தை, கூலி வேலை, தொலைக்காட்சி ஆகிய அனைத்தும் தமிழிலோ மலையாளத்திலோ நடைபெறும் சூழலில், சிறு சிறு குடியிருப்புகளாகச் சிதறி வாழும் மக்களிடையே இளையோர் முதலில் இழப்பவை நடு உயிர்களைப் போன்ற நுண்ணிய கூறுகளே. அவை மறைந்த பின்னர் எஞ்சுவது தமிழின் ஒரு வட்டார வழக்குப் போலவே தோன்றும்.

தருமபுரி போன்ற மாவட்டங்களின் இருளர் பேச்சு நீலகிரி இருளாவைப் போல விரிவாக ஆராயப்படவில்லை. அவர்களின் தமிழில் பழைய மொழியின் எச்சங்கள் உள்ளனவா என்பதை, முதியோரின் பேச்சையும் பாடல்களையும் பதிவு செய்து மலைப்பகுதி இருளாவுடன் ஒப்பிட்டே அறிய இயலும். அவ்வாறு கிடைக்கும் விடை, இருளரின் வரலாற்றுக்கு மட்டுமன்றித் தமிழ், மலையாளம் ஆகியவற்றின் பிரிவுக்கு முற்பட்ட நிலையை ஆராய்வதற்கும் பயன்படும்.

இவற்றையும் பார்க்க

- இருளர்
- தென்திராவிட மொழிகள்
- தோடர் மொழி
- படுகு மொழி
- குடகு மொழி
- தருமபுரி மாவட்டம்
- அட்டப்பாடி